இரண்டாம் முறை வைத்த கைகள்

இயேசு ஆற்றிய குணமளித்தல்களில் ஒன்று இரண்டு படிகளாக நடந்தது. மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் அதை வாசிக்கிறோம். பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை அவரிடம் கொண்டு வருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துச் செல்கிறார். அவர்மீது கைகளை வைத்தபின், என்ன தெரிகிறது என்று அவரையே கேட்கிறார். மனிதர்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்கிறார் அவர். இயேசு அத்துடன் விட்டுவிடவில்லை. இரண்டாம் முறையும் கைகளை வைக்கிறார். அப்போதுதான் எல்லாம் தெளிவாகிறது.

முதல் முறை கிடைத்த பார்வை பொய்யானதல்ல, முழுமையடையாதது. நம் பங்குகளில் பல ஆண்டுகளாக மனநல மருந்து சாப்பிட்டும் 'என்ன நோய் என்றே புரியவில்லை' என்ற நிலையில் வாழும் சிலருக்கும் இந்த இரண்டாம் பார்வை தேவைப்படுகிறது. அவர்களுள் சிலருக்கு அடிப்படையில் இருப்பது, பிறந்தநாள் முதல் இருந்தும் எவரும் பெயர் சொல்லாத ஆட்டிசமாக இருக்கலாம். இதை நாம் அறிந்துகொள்வது அன்புப் பணியின் ஒரு பகுதி.

இவர்கள் யார்?

இரண்டு பேரை நம் மனக்கண்முன் நிறுத்துவோம். இவர்கள் யாரையும் குறிப்பவர்கள் அல்லர். பல குடும்பங்களில் காணக்கூடிய நிலையை விளக்க நாம் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் 38 வயது மகன் ஒருவர். படிப்பில் கெட்டிக்காரர், கணக்கில் முதல் மதிப்பெண். ஆனால் பள்ளியில் நண்பர்கள் இல்லை. திருநெல்வேலி சந்திப்பில் எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்பதை மனப்பாடமாகச் சொல்வார். கல்லூரி விடுதியில் கேலிக்கு ஆளாகிப் பாதியில் வீடு திரும்பினார். கிடைத்த வேலைகள் எதிலும் மூன்று மாதத்திற்குமேல் நிலைக்கவில்லை. தனியாகப் பேசிக்கொள்கிறார். வீட்டில் விருந்தினர் வந்தால் அறையைப் பூட்டிக்கொள்கிறார். 21 வயதில் ஒரு மருத்துவர் மனச்சிதைவு என்றார். அன்றுமுதல் மாத்திரை. தூக்கமும் உடல் எடையும் கூடின. மற்றபடி பெரிய மாற்றம் இல்லை.

பாளையங்கோட்டையில் 45 வயதுப் பெண் ஒருவர். திருமணமாகி இரண்டு பிள்ளைகள். 'எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறாளே, இவளுக்கு என்ன குறை?' என்பார்கள். ஒவ்வொரு உறவினர் வீட்டு விசேஷத்திற்குப் பிறகும் இரண்டு நாள் எழ முடியாமல் படுத்துவிடுவார். மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். மனச்சோர்வு, பதற்றம், ஆளுமைக் கோளாறு என்று மூன்று மருத்துவர்கள் மூன்று பெயர் சொன்னார்கள்.

ஊரில் இவர்களுக்கு வேறு பெயர்கள். 'கூறு கெட்டவன்', 'திமிர் பிடித்தவள்', 'செய்வினை', 'காத்து கருப்பு'. ஒரு பெயரும் பொருந்தவில்லை. பொருந்தாத பெயரைச் சுமப்பதே ஒரு பாரம்.

ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் தொற்றுநோய் அல்ல, பைத்தியம் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. கருவிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்வதால் அமைகிற நிலை அது. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. பெற்றோர் செய்த பாவமோ தாயின் அன்புக் குறைவோ அதற்குக் காரணம் அல்ல. பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றிச் சீடர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, அவரும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் தெளிவுபடுத்தியதை யோவான் நற்செய்தியின் 9-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

மருத்துவர்கள் இரண்டு வகை அடையாளங்களைப் பார்க்கிறார்கள். முதலாவது, பிறரோடு உறவாடுவதிலும் பேசுவதிலும் உள்ள வேறுபாடு: கண் பார்த்துப் பேச இயலாமை, பேச்சின் உட்குறிப்பு புரியாமை, சொன்னதைச் சொன்னபடியே பொருள்கொள்ளுதல். இரண்டாவது, ஒரே மாதிரியான செயல்களும் ஆழ்ந்த தனி ஆர்வங்களும்: நாளின் ஒழுங்கு குலைந்தால் தாங்க முடியாமை, ஒரே பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுதல், ஒலி, ஒளி, வாசனை, துணியின் உரசல் ஆகியவற்றை அளவுக்கு மிஞ்சியோ மிகக் குறைவாகவோ உணர்தல்.

எல்லாரிடமும் இவை ஒரே அளவில் இருப்பதில்லை. சிலருக்குப் பேச்சே வராது. சிலர் முதுநிலைப் பட்டம் பெறுவர். நம் அரசு ஆவணங்களில் இதைப் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று எழுதுவதுண்டு. ஆனால் இவர்களுள் பலருக்குப் புற உலகம் எட்டாத ஒன்றல்ல. அது மிக அதிகமாக, ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் வந்து மோதுகிறது என்பதே அவர்களின் துன்பம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் உலகில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவர் ஆட்டிச நிலையில் இருந்தார். தென்காசி பிரியுமுன் திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 30 இலட்சத்து 77 ஆயிரம். அதே விகிதம் இங்கும் பொருந்தினால் சுமார் 24 ஆயிரம் பேர். குழந்தைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள். ஆட்டிசமும் அவர்களோடுதான் வளர்கிறது. அப்படியானால் அந்தப் பெரியவர்கள் எங்கே?

சிறுவயதில் ஏன் தெரியவில்லை?

ஆட்டிசம் என்ற சொல்லின் வரலாறே விடையின் ஒரு பகுதி. சுவிட்சர்லாந்து மருத்துவர் யூஜின் புளூலர் 1911-இல் இச்சொல்லை மனச்சிதைவின் ஓர் அறிகுறிக்குப் பெயராகப் பயன்படுத்தினார். 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை விவரித்து, இது தனி நிலை என்று எழுதினார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசும் சிறுவர்களிடமும் இத்தகைய இயல்பைக் கண்டு எழுதினார். அவர் எழுதியது ஆங்கில உலகில் பரவலாகத் தெரியவந்தது 1981-இல் லோர்னா விங் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980-இல்தான் ஆட்டிசத்தை மனச்சிதைவிலிருந்து பிரித்துத் தனி நிலையாக வைத்தது. நன்றாகப் பேசுகிறவர்களுக்கும் அது இருக்கலாம் என்பதை 1994-இல் ஏற்றது. 2013-இல் எல்லா வகைகளையும் ஒரே நிறமாலையாக இணைத்தது.

நம் நாட்டிலோ, 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இடம்பெற்றன; ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக அதை ஏற்றது. ஆக, 1975-இல் பிறந்த ஒருவர் பள்ளி சென்றபோது, அவருடைய ஆசிரியருக்கோ ஊர் மருத்துவருக்கோ இச்சொல் தெரிந்திருக்க வாய்ப்பே குறைவு. 2016 சட்டம் வந்தபோது அவருக்கு வயது 41.

அவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது நம் கிராம வாழ்வின் ஒழுங்கு. கோவில் மணி, வயல் வேலை, ஆற்றுக் குளியல், கூட்டுக்குடும்பம் என எல்லாம் அளந்த நேரத்தில் நடக்கும்போது பலருக்குச் சிக்கல் வெளியே தெரியாது. வெளியூர்ப் படிப்பு, சென்னையில் வேலை, திருமணம், தாயின் மரணம் இவற்றில் ஏதேனும் ஒன்று அந்த ஒழுங்கை உடைக்கும்போது அவர் நிலைகுலைகிறார். அப்போதுதான் முதல்முறையாக மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுகிறார். மருத்துவர் அன்று பார்ப்பது நிலைகுலைந்த மனிதரை. பிறந்தது முதல் உள்ள கதை அவருக்குத் தெரியாது, சொல்வாரும் இல்லை.

ஆய்வுகள் காட்டுவது

2001-இல் சுவீடனில் மனநலப் புறநோயாளிகள் 1,323 பேரை ஆராய்ந்தபோது, குறைந்தது 1.4 சதவீதத்தினருக்கு ஆட்டிச நிலை உறுதியானது. அவர்களுள் பெரும்பாலோருக்கு அது முன்பு கண்டறியப்படவில்லை. இங்கிலாந்தில் வீடு வீடாக நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 100-க்கு ஒருவர் ஆட்டிச நிலையில் இருந்தார். அப்படிக் கண்டறியப்பட்ட எவருக்கும் அது முன்பே தெரிந்திருக்கவில்லை. 2012-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அரசு மனநல மருத்துவமனை ஒன்றில் நீண்டநாள் தங்கியிருந்த 141 பேரைப் பரிசோதித்தனர். 14 பேருக்கு ஆட்டிசம் இருந்தது. அவர்களில் இருவரைத் தவிர மற்ற அனைவரின் பதிவேட்டிலும் எழுதப்பட்டிருந்தது மனச்சிதைவு.

இது பெயர் பற்றிய சச்சரவு மட்டும் அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், வளர்ந்த பிறகே ஆட்டிச நிலை கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டபோது, 66 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் தமக்கு வந்ததுண்டு என்று கூறினர். 2014-இல் வெளிவந்த இந்தத் தகவலை ஒரு பங்கு சமூகம் எளிதாகக் கடந்துபோக முடியாது. தம்மை யாரும் புரிந்துகொள்ளவில்லை, தாமும் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்ற நீண்ட தனிமை ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது காட்டுகிறது.

எங்கே குழப்பம் நேர்கிறது?

மனநல மருத்துவர் கேட்கிறார்: 'யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' ஆட்டிச நிலையில் உள்ளவர் 'கேட்கிறது' என்கிறார். அவர் சொல்வது அடுத்த தெருவின் ஒலிபெருக்கியை. கேள்வியைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டு உண்மையே பேசினார். ஆனால் பதிவேட்டில் அது வேறொன்றாக ஏறிவிடலாம். தனக்குள் பேசுவதும் அப்படியே. நாளை கடையில் என்ன பேசவேண்டும் என்று ஒத்திகை பார்க்கலாம். பிடித்த திரைப்பட வசனத்தைத் திரும்பச் சொல்லி மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குப் பதில் சொல்வது வேறு, இது வேறு.

முகத்தில் உணர்ச்சி காட்டாமை, உணர்வே இல்லாமை எனப்படுகிறது. பள்ளியில் ஆண்டுக்கணக்கில் கேலி செய்யப்பட்டவர் பிறரை நம்ப அஞ்சுவது, சந்தேக நோய் எனப்படுகிறது. பொருள்களை வரிசையாக அடுக்குவது, எண்ணச் சுழற்சி நோய் எனப்படுகிறது. எண்ணச் சுழற்சி உள்ளவருக்கு அச்செயல் பெரும்பாலும் வேதனை, விடவே விரும்புவார். ஆட்டிச நிலையில் உள்ளவருக்கு அது பெரும்பாலும் ஆறுதல்; தடுத்தால்தான் வேதனை. சத்தமும் கூட்டமும் அளவு மீறும்போது அலறுவதையும் தலையில் அடித்துக்கொள்வதையும் 'பேய் பிடித்துவிட்டது' என்கிறார்கள். அமைதியான அறையில் அரைமணி நேரம் விட்டால் அது தணிந்துவிடுவதும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய உதவும் முதன்மையான கேள்வி: எப்போது தொடங்கியது?

நம் தாமிரபரணியையே எடுத்துக்கொள்வோம். சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறது. அங்கே நின்று பார்ப்பவர், ஆறு இவ்விடத்திலிருந்து மாறியது என்று சொல்ல முடியும். மனச்சிதைவு பெரும்பாலும் அப்படி. நன்றாக இருந்த பிள்ளை 18 வயதிலோ 25 வயதிலோ மாறிப்போனான் என்று தாய் சொல்வார். ஆட்டிசமோ பொதிகையிலிருந்தே வருகிற நீர். கலந்த இடம் என்று ஒன்று இல்லை. 'மூன்று வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு சேரமாட்டான், கூப்பிட்டால் திரும்பமாட்டான், சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பான்' என்று தாய் சொன்னால், அங்கேதான் தேட வேண்டும்.

ஆனால் இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆட்டிச நிலையில் உள்ளவருக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக வருகின்றன. மனச்சிதைவும் வரலாம்; வலிப்பு நோயும் வரலாம். எனவே, இக்கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. மருந்தைக் குறைப்பதா, மாற்றுவதா, தொடர்வதா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெண்களிடம் மறைந்திருப்பது ஏன்?

ஆண்களிடமே இது அதிகம் கண்டறியப்படுகிறது. பெண்கள் பலர் மறைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அதற்கு ஒரு காரணம். 'பொம்பளப் பிள்ளை நாலு பேரிடம் நல்லபடியாகப் பேச வேண்டும்' என்று சிறுவயது முதல் சொல்லப்படுவதால், பிறரைப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் நடிகையைப் போலப் படிக்கிறார்கள். பார்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. ஆனால் நாள் முழுவதும் நடித்தவரின் களைப்பு, மனச்சோர்வாக ஒருநாள் வெளிப்படுகிறது. திருமணத்திற்குப் பிறகு, புதிய வீடு, புதிய சமையல், புதிய மனிதர்கள் என அனைத்தும் ஒரே நாளில் மாறும்போது அச்சுமை பெருகுகிறது.

இங்கே ஒரு கடமை நமக்கு உண்டு. 'ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்ற பேச்சு மகனுக்கும் நல்லதல்ல, வருகிற மருமகளுக்கும் நல்லதல்ல. ஆட்டிச நிலையில் உள்ளவர்கள் நல்ல கணவராகவும் மனைவியாகவும் வாழ முடியும்; வாழ்கிறார்கள். ஆனால் இருவரும் உண்மையை அறிந்து, முழுச் சுதந்திரத்தோடு சம்மதிக்க வேண்டும். திருமணம் என்ற அருளடையாளத்திற்குச் சம்மதமே அடித்தளம் அல்லவா? திருமணம் என்பது மருந்துச் சீட்டு அல்ல.

திருத்தலத்தில் தங்கும் குடும்பங்கள்

நமது பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்த புளியம்பட்டி புனித அந்தோனியார் திருத்தலத்தை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. மன நோயால் வாடுவோரை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வந்து, நாள்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கிச் செபிக்கின்றன. கிறிஸ்தவர் மட்டும் அல்ல, பிற சமயத்தாரும் வருகிறார்கள். பிரெஞ்சு மானிடவியல் ஆய்வாளர் பிரிஜித் செபஸ்தியா இங்கே வருவோரைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2007-இல் ஒரு நூலே வெளியிட்டுள்ளார்.

அவர்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று ஒதுக்குவது எளிது, அது நீதியாகாது. பெங்களூரு மனநல ஆய்வாளர்கள் தமிழகக் கிராமக் கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. அச்சுறுத்தாத சூழலும் அன்றாட ஒழுங்கும் குடும்பத்தின் உடனிருப்பும் இருந்தன. அந்த ஆய்வு ஆட்டிசம் பற்றியது அல்ல. ஆயினும், குறித்த நேரத்தில் மணி, குறித்த நேரத்தில் செபம், கேலி செய்யாத சுற்றம் ஆகியவை ஆட்டிச நிலையில் உள்ள ஒருவருக்கும் எத்துணை ஆறுதலாக அமையும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆனால் செபம் மருத்துவத்திற்கு எதிரி அல்ல. மருத்துவம் செபத்திற்குப் போட்டியும் அல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நிலையில் 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களுக்கு உண்மையில் என்ன நிலை இருந்தது என்பதை இனி எவரும் ஆராய முடியாது. 2018-இல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மன நோயுள்ளவரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே வாழ்ந்தவரைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், பயன் இல்லை. இயேசு அவரிடம் பெயரைக் கேட்டார். திருத்தலத்திற்கு வரும் குடும்பத்திடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது கதையை: சின்ன வயதில் இவர் எப்படி இருந்தார்?

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

ஆட்டிசத்தைக் காட்டும் இரத்தப் பரிசோதனை கிடையாது; ஸ்கேனும் காட்டாது. கவனித்துப் பார்த்தலும், வாழ்க்கை வரலாறும்தான் சான்று. எனவே, சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் காணுமுன் சில தயாரிப்புகளைச் செய்யலாம்.

1. பேச்சு வந்த வயது, விளையாடிய விதம், நண்பர்கள், சாப்பாட்டுப் பிடிவாதங்கள், பயந்த சத்தங்கள் என நினைவில் உள்ளதை ஒரு தாளில் எழுதுங்கள். தாய் இல்லையென்றால் அத்தை, சித்தி, பெரியம்மா, பழைய ஆசிரியர் ஆகியோரைக் கேளுங்கள்.

2. பள்ளி முன்னேற்ற அட்டைகள், பழைய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தால் என்ன மாற்றம் வந்தது, எது வரவில்லை என்பதையும் குறியுங்கள்.

3. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் மனநல மருத்துவரிடமோ, 'இது ஆட்டிசமாகவும் இருக்கலாமா என்று பார்க்க முடியுமா ஐயா?' என்று பணிவோடு கேளுங்கள். மருத்துவரைக் குறை சொல்வதாகாது. அவருக்குத் தேவையான தகவலைத் தருவதாகும்.

4. சம்பந்தப்பட்டவரையும் கேளுங்கள். அவர் வளர்ந்த மனிதர். தம்மைப் பற்றிப் பிறர் அறைக்கு வெளியே பேசுவதைவிட, தம்மிடம் பேசுவதையே விரும்புவார்.

நம் நாட்டில் 2009-இல் செகந்திராபாத் தேசிய நிறுவனம் உருவாக்கிய 40 கேள்விகள் கொண்ட அளவுகோல் சான்றிதழுக்குப் பயன்பட்டு வருகிறது. அது பெரும்பாலும் குழந்தைகளையும் இளையோரையும் மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஆகவே, நடுத்தர வயதினரை அறிய அனுபவமிக்க மருத்துவரின் பொறுமையான விசாரணை தேவைப்படுகிறது. ஒரே சந்திப்பில் முடிவு கிடைக்காமல் போகலாம், சோர்ந்துவிட வேண்டாம்.

நிலை உறுதியானால் கிடைப்பது என்ன? ஆட்டிசத்தை நீக்கும் மாத்திரை இல்லை. ஆனால் தேவையற்ற மருந்து குறையக்கூடும். உடன் வந்த மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் பொருத்தமான சிகிச்சை கிடைக்கும். வீட்டில் சத்தமும் திடீர் மாற்றமும் குறைக்கப்படும். இயல்புக்கு ஏற்ற வேலை தேடலாம். குறைபாடு 40 சதவீதத்திற்குக் குறையாது எனச் சான்றளிக்கப்பட்டால் சட்டம் வகுத்துள்ள சலுகைகளுக்கும் வழி பிறக்கும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் 1 இலட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு உண்டு. தாமே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளோருக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவின்மூலம் சட்டப்படிப் பாதுகாவலரை நியமிக்கலாம். 'எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?' என்ற பெற்றோரின் நடுச்சாமக் கேள்விக்கு இது ஒரு தொடக்கம். குழந்தைகளுக்கான பணியில் தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம் போன்ற நிறுவனங்கள் நம் பகுதியிலேயே நெடுநாள் அனுபவம் பெற்றுள்ளன.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'நான் கெட்டவன் அல்ல, சோம்பேறி அல்ல, சபிக்கப்பட்டவன் அல்ல' என்ற விடுதலை கிடைக்கிறது. தற்கொலை எண்ணமோ தாங்க முடியாத மன வேதனையோ இருப்பின், காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம்.

பங்கு சமூகம் செய்யக்கூடியவை

பாளையங்கோட்டைக்கு ஒரு பெருமை உண்டு. 1890-இல் பார்வையற்றோருக்கும், 1897-இல் காதுகேளாதோருக்கும் இங்கே பள்ளிகள் தோன்றின. ஆஸ்க்வித் அம்மையாரும் சுவைன்சன் அம்மையாரும் நம் சகோதரத் திருச்சபையின் மறைப்பணியாளர்கள். அதுவரை 'எதற்கும் உதவாத பிள்ளை' எனப்பட்டவர்களை அவர்கள் இரண்டாம் முறை பார்த்தார்கள். எழுத்தும் தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மரபு நம் மண்ணுக்கு உரியது.

2014 நவம்பர் 22-இல் வத்திக்கானில் ஆட்டிச நிலையில் உள்ளோரையும் குடும்பத்தாரையும் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், அவர்களைச் சூழும் தனிமையும் அவப்பெயரும் உடைக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 2020-இல் வெளியான மறைக்கல்விக்கான வழிகாட்டி ஏடு, மாற்றுத்திறனாளிகளுக்கு அருளடையாளங்களை எவரும் மறுக்கலாகாது என்கிறது. இதை நம் பங்கில் எவ்வாறு வாழ்வாக்குவது?

ஆலயத்தின் பின்புறம், ஒலிபெருக்கிக்குத் தொலைவில் சில இருக்கைகளை ஒதுக்கலாம். திருவிழாவில் கொட்டுமேளமும் வெடியும் எந்த நேரம் என்பதை முன்கூட்டியே அறிவிக்கலாம். காலைத் திருப்பலியின் அமைதி சிலருக்கு ஞாயிறு பெருந்திருப்பலியைவிட உகந்தது. அதற்காக அவர்களைப் பக்தியற்றவர்கள் என்று எண்ண வேண்டாம். சமாதானம் பகிரும்போது கை நீட்டாதவரைத் தொட்டு வற்புறுத்த வேண்டாம்; ஒரு வணக்கம் போதும். ஒப்புரவு அருளடையாளத்தில், சுற்றி வளைக்காத நேரான சொற்கள் அவர்களுக்கு உதவும். அன்பியக் கூட்டத்தில் பேசச் சொல்லி வற்புறுத்துவதைவிட, நாற்காலிகளை அடுக்கவும், கணக்கு எழுதவும், பாடல் ஏடுகளை வரிசைப்படுத்தவும் பொறுப்புக் கொடுத்துப் பாருங்கள். அவர்களைவிடச் சரியாகச் செய்பவரைக் காண்பது அரிது.

தெக்கப்பொலிப் பகுதியில் காதுகேளாத ஒருவரை இயேசுவிடம் கொண்டுவந்தபோது, அவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார் என்று மாற்கு குறிப்பிடுகிறார். கூட்டத்தின் நடுவே குணம்பெற முடியாதவர்களும் உண்டு என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

அன்பார்ந்தவர்களே, நாம் மருத்துவர்கள் அல்லர். யாருக்கு என்ன நிலை என்று நாம் தீர்ப்பிடத் தேவையில்லை, தீர்ப்பிடவும் கூடாது. இந்த வாரம் நம் தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் ஒருவருடைய தாயிடம் சென்று, அறிவுரை ஏதும் சொல்லாமல், அவர் சிறுபிள்ளையாக இருந்த நாள்களின் கதையைக் கேட்டு வருவோம். அந்தத் தாய்க்குத் துணையாக மருத்துவமனைவரை ஒருமுறை பேருந்தில் உடன் செல்வோம்.

ஆண்டவரே, மரங்களைப் போல மங்கலாகத் தெரிகிற எம் சகோதர சகோதரிகளை மனிதர்களாக, அவரவர் முகத்தோடு காணும்படி எம் கண்கள்மீது இன்னொரு முறையும் உம் கைகளை வைத்தருளும். ஆமென்.